நானூற்றுப் பன்னிரண்டு வாயும் ஒரு வயிறும்

தையல் ஆலைக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி, இங்கே யாருக்காவது ஏதாவது குறை உண்டா என்று மைக்கில் கேட்டபோது, ஏழு லைன்களிலும் எழுந்து நின்ற நானூற்றுப் பன்னிரண்டு பெண்களும், "ஒரு குறையும் இல்லைங்க" என்று ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். வந்தது ஓர் ஆணின் குரல், லேசாகச் சளி கட்டிய குரல். அதிகாரி கவனிக்காமல் இல்லை. 'தொழிலாளர்கள் தெளிவாகப் பேசுகிறார்கள்' என்று எழுதிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். குரலின் சொந்தக்காரன் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் வாயை இறுக மூடி, கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக நின்றிருந்தான்.

இவன் பிறந்தபோது அழுகை அடுத்த வார்டிலிருந்து கேட்டது. நர்ஸ் அங்கே ஓடி, குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்த ஒரு பெரியவரை உலுக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறந்த நிமிஷமே பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டியவன், அதன்பின் மாறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கிண்டல் செய்யும் சத்தம் எப்போதும் மூன்றாவது பெஞ்சிலிருந்து வரும். இவன் உட்கார்ந்திருந்தது முதல் பெஞ்சில். மூன்றாவது பெஞ்சுக்காரர்கள் அடி வாங்கி அடி வாங்கி எட்டாவதோடு நின்றுபோனார்கள். இவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒன்பது வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள். அம்மா போனதும் இவன் படிக்கவேண்டும் என்று பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். இவன் படிக்கவில்லை.

பேசும் பொம்மை வித்தைக்குப் போனான். மரப் பொம்மைக்குத் துரை என்று பேர் வைத்தான். துரைக்குக் கோட்டு, டை, காலுறை எல்லாம் ஆலையில் கழித்துப்போட்ட துணியில் அக்காதான் தைத்தாள். துரை மேடையேறி முதலில் செய்த வேலை அவளைக் கேலி செய்தது. "முன் வரிசையில மட்டும் கரண்ட் போயிடுச்சா? ஓ, எங்க அக்கா உக்காந்திருக்கா." மண்டபம் சிரித்தது. இவன் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, இவனுக்கு வாய் ஜாஸ்தி" என்று பொம்மையின் தலையில் தட்டினான். அதற்கும் சிரித்தார்கள். பதினெட்டு வருஷம் இதுதான் கலை. குண்டான பெண்கள், கல்யாணமாகாத பெண்கள், மாமியார்கள், திக்கிப் பேசுகிறவர்கள் என்று துரை ஒருவரையும் விடவில்லை. முரட்டு ஆட்கள் யாராவது முன்னால் உட்கார்ந்திருந்தால் மட்டும் அன்றைக்கு வெயிலைப் பற்றிப் பேசும். உதடு அசையாமல் பேசுகிறானாம், அதற்கு அலமாரி நிறையக் கேடயம். உதட்டை அசைக்காமல் ஊரைக் கெடுப்பவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கேடயமா கொடுக்கிறோம்?

பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. மேடையை விட்டுவிட்டு எல்லோரும் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். துரையின் தாடைக் கயிறு அறுந்த வருஷம், அக்கா வேலை பார்த்த ஆலையின் மேனேஜர் இவனைக் கூப்பிட்டு ஊழியர் நலத் தொடர்பாளர் ஆக்கினார். ஆய்வு வரும் நாளில் கேன்களுக்குப் பின்னால் நிற்பது வேலை. அந்த ஆலையில் பெண்களுக்கு நான்கு கழிப்பறை, நான்குக்கும் பூட்டு, சாவிக்கொத்து சூப்பர்வைசரின் இடுப்பில். லைனுக்கு ஒரு மரக்கட்டை டோக்கன். ஒருத்தி போய்வந்து கட்டையை வைத்தால்தான் அடுத்தவள் சாவி கேட்கலாம், அதுவும் அந்த மணி நேரத்து டார்கெட்டை முடித்திருந்தால். வம்பே வேண்டாம் என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல். ஒன்றை எடுத்தார்கள், அதற்குள் மூன்று வளர்ந்துவிட்டன. இப்படியே போனால் அடுத்த வருஷம் கிட்னியையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு வாய்க்குள் அடுத்தவனுடைய வாக்கியம் நுழைந்தால், அங்கே சொல்வதற்கென்று காத்திருந்த வாக்கியம் எங்காவது போயாக வேண்டும். அது இவனுடைய வயிற்றுக்குள் போனது. வருஷத்துக்கு இரண்டு ஆய்வு, ஆறு வருஷம். தொப்பை முன்னால் போக இவன் பின்னால் போனான். வசதியான உத்தியோகத்தின் அடையாளம் என்று அதைத் தடவிக்கொண்டான். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட டாக்டர், உள்ளே பெண்கள் பஸ்ஸுக்குச் சண்டை போடுகிற மாதிரி இரைச்சல் இருப்பதாகச் சொல்லி, வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஏழாவது வருஷ ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டை இவன் முன்னால் வைத்துவிட்டு அக்கா சொன்னாள். "நாளைக்கு நான் அதிகாரிகிட்ட பேசப்போறேன்டா. குறுக்க வராத."

"அக்கா, அது என் வேலை."

"வேலையா அது? ஒளிஞ்சு நின்னு ஏப்பம் விடற மாதிரி."

"மேனேஜர் சொல்லச் சொல்றாரு, நான் என்ன பண்ணட்டும்? சொல்றது நான் இல்லையே."

"உன் துரையை என்ன வேணா பேச வெச்சுக்கோ. என் வாய் எனக்கு வேணும். நாளைக்கு ஒரு நாள் விட்டுடு."

தட்டைப் பார்த்துத் தலையாட்டினான். தலையாட்டுவதில் என்ன இருக்கிறது, துரையும்தான் பதினெட்டு வருஷம் ஆட்டியது.

இந்த முறை அதிகாரி புதியவர். பெண்களைத் தனித்தனியாகக் கேட்டார். அக்கா எழுந்து, "சார்" என்று ஆரம்பித்தாள். மேனேஜர் கேன்கள் பக்கம் பார்த்துக் காதைச் சொறிந்தார். இவன் உதட்டை மூடினான். அக்காவின் வாயிலிருந்து, "ஒரு குறையும் இல்லைங்க" என்று வந்தது, சளியோடு. அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவளுடைய வாக்கியம் அவனை நோக்கிப் புறப்பட்டது. அது பதினாறு வயதிலிருந்து சேர்ந்தது, நீளமானது. வயிற்றில் அதற்கு இடமில்லை. சட்டைப் பொத்தான்கள் மூன்று தெறித்தன, ஒன்று மேனேஜரின் கண்ணாடியில் பட்டது. தொழிலில் முதல் முறையாக அவன் வாய் அகலமாகத் திறந்தது. அக்காவின் குரல் வந்தது. "சாவியை அந்தாள் இடுப்புலேர்ந்து கழட்டச் சொல்லுங்க. காலைலேர்ந்து போகல. எனக்கு ஒரு கிட்னி போகப்போகுது, இங்க நிக்கிற பாதிப் பேருக்கு அதே கதைதான்." அதைத் தொடர்ந்து முதல் லைன் முதல் மெஷின்காரியின் குரல், பிறகு இரண்டாவது மெஷின், மூன்றாவது. கர்ப்பத்தில் டோக்கன் கிடைக்காதவள் பேசினாள், மாதவிலக்கில் கறைபட்ட பாவாடையோடு ஷிப்ட் முடித்தவள் பேசினாள். சூப்பர்வைசர் பேக்கிங் டேப்பால் அவன் வாயை ஒட்டினார். குரல்கள் மூக்கு வழியாக, கொஞ்சம் கீச்சென்று வந்தன. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியபோது ஐந்தாவது லைன் பேசிக்கொண்டிருந்தது.

அதிகாரி கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். பேசிய வாய் யாருடையது என்று பார்த்தார். ஆண் வாய். உடனே பேனாவை எடுத்தார். கழிப்பறை செல்ல முடியாமல் ஓர் ஆண் ஊழியர் அவதிப்படுவதாக அறிக்கை போயிற்று, அவசரம் என்று உத்தரவு வந்தது, நாற்பது நாளில் ஆலையின் பின்புறம் வெள்ளை ஓடு பதித்த ஆறு ஆண்கள் கழிப்பறைகள் எழும்பின. இவற்றைப் பூட்டக் கூடாது என்று உத்தரவிலேயே இருந்தது. ஆலையின் இருபத்துமூன்று ஆண்களும் வழக்கம்போல் சுவரோரம் போனார்கள். கழிப்பறை இல்லை என்பதே அவர்களுக்கு அறிக்கை வந்த பிறகுதான் தெரியும். திறந்த அன்று காலை பத்து மணிக்கு அக்கா பாதிக் காலரில் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

"ஏய், அது ஜென்ட்ஸ்" என்றார் சூப்பர்வைசர்.

"போர்டை நீங்க படிங்க. எனக்கு அவசரம்."

அந்த வாரக் கடைசியில் எல்லா லைனும் அங்கேதான் போனது. ஆறு அறைக்கு இத்தனை பேர் என்றால் தள்ளுமுள்ளு வரத்தான் செய்யும். பொம்மைக்காரனின் வாயோ மூடுவதாக இல்லை. ஏழாவது லைன் முடிந்ததும் மறுபடி அக்காவிலிருந்து ஆரம்பித்தது. அவனை வேறெங்கும் வைத்துக்கொள்ள முடியாமல், நிர்வாகம் ஒரு ஸ்டூல் கொடுத்துக் கழிப்பறை வாசலில் உட்கார வைத்தது. அவன் வாயில் யார் குரல் வருகிறதோ அவள் எழுந்து போகிறாள். இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை. அவனுடைய சொந்தக் குரல் திரும்பி வரவில்லை. அதில் அவன் சொந்தமாக என்ன சொல்லியிருக்கிறான் என்று யோசித்துப் பார்த்த யாருக்கும் ஒன்றும் ஞாபகம் வராததால், யாரும் தேடவில்லை. அக்காவுக்குக் கிட்னி இரண்டும் இருக்கின்றன.

புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே போய் அவன் காதில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் முறை வராது. போன வாரம் சேர்ந்த பெண், என்ன சொல்வதென்று தெரியாமல், "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள்.

"திட்டியே சொல்லும்மா" என்றாள் அக்கா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "மரியாதையா சொன்னா அவனுக்கு உச்சரிப்பு சரியா வராது."