பத்தில் எட்டு

எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்களாகியும் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே சார்தான். "சார், என் முதுகைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று லிஃப்டில் யாராவது கேலி பண்ணினால், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார். சில நாள் அவர் வாய் திறப்பது அது ஒன்றுக்குத்தான்.

மனைவி போய் ஒன்றரை வருஷம். ஒரு பெயிண்ட் கம்பெனியில் நிறம் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். கம்பெனி தன் ஆட்களுக்குச் சலுகை விலையில் கொடுத்த ஷேர்களை வருஷா வருஷம் வாங்கிப் போட்டிருந்தாள். அதெல்லாம் குட்டி போட்டுப் பெருகி இப்போது அவர் பெயருக்கு வந்திருந்தது. காலையில் காப்பியோடு போனைத் திறந்து அந்த ஷேர் என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பார். ஏறியிருந்தால், "பாத்தியா உன் கம்பெனியை!" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்வார்.

மகள் கடல் தாண்டி இருந்தாள். ஞாயிறு தவறாமல் பேசுவாள்.

"அப்பா, உங்க சேமிப்புல பத்துல எட்டு பங்கு அந்த ஒரே கம்பெனில கிடக்கு. நாளைக்கே அது படுத்துடுச்சுன்னா?"

"அம்மா வாங்கினதும்மா."

"பேச்சை எடுத்தாலே அம்மாவை முன்னாடி நிறுத்திடறீங்க. நான் ஒரு ஆலோசகர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். போய்ப் பாருங்க."

போனார். ஆலோசகர் நடுவயதுப் பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அவர் கொண்டுபோன காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"சார், நீங்க ஒத்தைக் கால்ல நின்னுட்டிருக்கீங்க. எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் பத்துல ஒரு பங்கு போதும்னு சொல்வேன். மனசு கேக்கலைன்னா ரெண்டு. சரி, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பணம் இன்னைக்கு ரொக்கமா உங்க கையில இருந்தா, அந்தக் கம்பெனில எவ்வளவு போடுவீங்க?"

"நான் எங்க போடப் போறேன்? எனக்கு பெயிண்டைப் பத்தி என்ன தெரியும்? அவ போட்டிருப்பா."

அவள் காகிதங்களை அடுக்கி அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அந்த மாதமே பங்குதாரர்களின் வருடாந்திரக் கூட்டம் வந்தது. அவர் இதுவரை போனதில்லை. அவள் அத்தனை வருஷம் உழைத்த இடத்து மனிதர்களை ஒரு தடவை பார்த்துவிட்டால் வைத்துக்கொள்ளவா, விற்கவா என்று மனசு ஒரு நிலைக்கு வரும் என்று தோன்றியது. சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கூடத்தில் பாதி நாற்காலி காலி. மேடையில் யாரோ வளர்ச்சி, வளர்ச்சி என்று ஓதிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த குட்டை முடிக்காரப் பெண்மணி அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, மனைவியின் பெயரைச் சொல்லி, "அவ வீட்டுக்காரர்தானே?" என்றாள். "நானும் அவளும் பதினஞ்சு வருஷம் ஒரே மேஜை. துக்கத்துக்கு வந்திருந்தேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

தேநீர் இடைவேளையில் இருவரும் ஓரமாக நின்றார்கள். அவர் கொஞ்சம் பெருமையோடே ஆரம்பித்தார். "அவளுக்கு இந்தக் கம்பெனின்னா உயிர், இல்லையா?"

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "உயிரா? முதலாளி மாறினதுலேர்ந்து கரிச்சுக் கொட்டுவா! ஷேரைப் பாதியாவது வித்துடணும், அதை உங்க ரெண்டு பேர் பேர்லயும் வேற எதுலயாவது போடணும்னு ஒரே புலம்பல்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

அந்தம்மாவின் சிரிப்பு நின்றது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"சொன்னேன்னுதான் சொன்னா, சார். நாலஞ்சு தடவையாவது சொல்லியிருக்கா. நீங்க டிவி பாத்துக்கிட்டே 'பண்ணிக்கலாம்'னு சொல்லிடுவீங்களாம். தனியா முடிவெடுக்க அவளுக்கு பயம். அப்படியே தள்ளிப்போட்டுட்டா."

கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. எந்த நாள், எந்த சாயங்காலம் என்று மனசைக் குடைந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. டிவியில் என்ன ஓடியது என்பதுகூட நினைவில்லை. அவள் போன பிறகுதான் இந்தத் தனிமை தனக்கு வந்தது என்று இருந்தவர் அவர். அவளோ அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அதை அனுபவித்திருக்கிறாள்.

கூட்டத்தின் மறுபாதிக்கு அவர் உள்ளே போகவில்லை. அந்தம்மா ஒரு சீட்டில் தன் போன் நம்பரை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

அடுத்த வாரம் ஆலோசகரிடம், "ரெண்டு வெச்சுக்கறேன். மத்ததை வித்துடுங்க" என்றார்.

"ஒண்ணுதான் சரின்னு சொன்னேனே?"

"ஒண்ணு நீங்க சொன்னதுக்கு. இன்னொண்ணு மனசு கேக்காததுக்கு."

வரி ஒரேயடியாக விழாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்றார்கள். முதல் தவணை விற்ற மறுவாரமே ஷேர் எகிறியது. மகள் போனில், "பரவாயில்லப்பா, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்ல" என்றாள். ஆமாம் என்றார். விலை ஏறியது அவருக்கு உறைக்கவே இல்லை.

காலைகள்தான் வெறிச்சென்று போயின. பழக்கதோஷத்தில் போனைத் திறப்பார், விலையைப் பார்ப்பார், நாற்காலியிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. உன் கம்பெனி என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

அப்படி ஒரு காலையில் அந்தச் சீட்டைத் தேடி எடுத்து நம்பரை அழுத்தினார்.

"சார், பஸ்ல இருக்கேன். ஒண்ணும் காதுல விழலை. வீட்டுக்குப் போய்க் கூப்பிடட்டுமா? என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணுமில்லை" என்றவர், இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினார். "அவ வேற என்னல்லாம் சொன்னான்னு கேக்கலாம்னுதான்."

"நிறைய இருக்கு சார். சிலது உங்களுக்குப் பிடிக்காது."

"பரவாயில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுச் சொல்லுங்க."

போனை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். காப்பி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மத்தியானம் போன் அடிக்கும் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.