ஒரு திருகு

காதை வைத்த மாத்திரத்தில் சுட்டது, வெயிலில் காய்ந்த இரும்புக் குழாய், ஆனாலும் அவன் காதை எடுக்கவில்லை, எடுத்தால் அண்ணன் சிரிப்பான், கேளுடா நாயகம், நல்லா அழுத்திக் கேளு, உள்ளுக்குள்ள தண்ணி ஓடுது பாரு என்கிறான், கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது, யாருடைய வயிறோ பசியில் உறுமுவதுபோல ஒரு சத்தம், போகுதாண்ணே, வருதாண்ணே என்று கேட்கிறான், பொன்னுரங்கம் அண்ணன் ஜோகூரின் மொத்தத் தண்ணீரும் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்திருக்கிற தோரணையில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, போகுதுடா, இங்கேருந்து சிங்கப்பூருக்குப் போகுது, போனது எங்கயாச்சும் திரும்பி வருமா என்கிறான், பாலத்தின்மேல் ஒரு லாரி போகிறது, குழாய் அதிர்கிறது, காது சுடுகிறது, அங்கிள், எறங்குறீங்களா இல்லையா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க லா என்று யாரோ தோளைத் தட்ட, தெய்வநாயகம் பஸ்ஸின் கண்ணாடியிலிருந்து காதை எடுத்தார்.

எழுபது தாண்டிய மனிதரை அவன் என்று சொல்லலாமா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், அவருக்கே கொஞ்ச நாளாகத் தான் அவனா அவரா என்பதில் குழப்பம்தான், மறதி என்பது பாஸ்போர்ட்டும் இல்லாமல் விசாவும் இல்லாமல் வந்து குடியேறிவிட்டது, சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிற வீட்டில் மகள் வாசுகி கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள், அடுப்பை அணைத்தீர்களா அப்பா என்று, ஆனால் இன்று காலை அஞ்சலை அண்ணி ஜோகூரிலிருந்து போன் பண்ணிச் சொன்னது மட்டும் எழுதி ஒட்டாமலே மண்டையில் நின்றுவிட்டது, தம்பி, உங்க அண்ணனுக்கு முடியல, டாக்டரு இன்னிக்கோ நாளைக்கோன்னு கையை விரிச்சிட்டாரு, வாயில தண்ணி விட்டா துப்பிடுறாரு, சின்னவன் தண்ணி, சின்னவன் தண்ணின்னு ஒரே பாட்டு, நீங்க கொண்டாருவீங்களே அந்தத் தண்ணி, அதைத்தான் கேக்குறாரு, கொண்டாங்க தம்பி. விடுமுறை நாளிலும் வேலைக்குப் போயிருந்த வாசுகி, நான் வரும்வரை பொறுங்கள் என்று போனில் சொன்னாள், சாவு பொறுக்குமா, பச்சை மூடி போட்ட போத்தலை எடுத்துச் சமையலறைக் குழாயில் விளிம்பு வரை பிடித்து, பைக்குள் நிமிர்த்தி வைத்து, பையை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது பஸ் சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கிற பாலத்தின் நடுவில் அசையாமல் நிற்கிறது, தேசிய தின விடுமுறை, பாதி சிங்கப்பூர் ஜோகூருக்குச் சாமான் வாங்கவும் சாப்பிடவும் கிளம்பிவிட்டது, முன்னும் பின்னும் காடிகள், மோட்டார்கள், இறங்கி நடக்கிறவர்கள் நடக்கிறார்கள், அவரும் இறங்கினார், பாலத்துச் சடக்கின் ஓரமாகக் குழாய்கள் கூடவே வருகின்றன, பெரியது, சிறியது, இதில் எது போகிற குழாய், எது வருகிற குழாய், யாரிடம் கேட்பது, அண்ணனைக் கேட்கலாம், அண்ணனுக்குத் தெரியும், அவன் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தவன், நான் தொறந்து விட்டாத்தான்டா நீ குண்டி கழுவ முடியும் என்பான், முதலில் அது வெறும் கேலிதான், அப்பா உயிரோடு இருந்த நாளில், அப்பா ரயில்வே கேட்டில் பச்சைக்கொடி ஆட்டிக்கொண்டிருந்த நாளில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஊர்தான், நாயகம் சிங்கப்பூர்ப் பக்கம் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துப் போனபோது அம்மா கைமுறுக்குச் சுற்றிக் கொடுத்தாள், அவ்வளவுதான், அடுத்த தெருவுக்குப் போகிறவனுக்குக் கொடுப்பது மாதிரி, அழக்கூட இல்லை.

பிறகு ஒரு காலை, பட்டறைக்கு எதிரே காப்பிக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம், பிரிஞ்சாச்சு என்கிறார்கள், யாரு யாரைப் பிரிஞ்சது என்று கேட்கிறான், கடைக்காரச் சீனர் மேசையைத் துடைத்துக்கொண்டே மலாயில் சொல்கிறார், நீயும் உன் அண்ணனும், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரித்தான், சிரித்துவிட்டுக் காப்பியைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டான், சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகிவிட்டது, அதன் பிறகு அடையாள அட்டை வந்தது, கொடி வந்தது, பாட்டு வந்தது, ஒரு தேசிய தினத்தில் பட்டறை ஆட்களோடு மழையில் நனைந்துகொண்டே அணிவகுத்துப் போனான், காலணிக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது, கொடி ஏறுகிறது, அண்ணாந்து பார்க்கிறான், முகத்தில் வழிவது மழை மட்டும் இல்லை என்பது பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியாது, கைக்குட்டை அகல நாடு, அடுத்தவன் வீட்டுத் தண்ணீரைக் குடித்து வளர்கிற நாடு, ஆனால் யாரும் தலையைக் குனியவில்லை, அது அவனுக்குப் பிடித்திருந்தது, சொல்லப்போனால் அவனும் அப்படித்தான், அண்ணன் சட்டையைப் போட்டு வளர்ந்த தம்பி, முதல் முறையாகத் தன் அளவுக்குத் தைத்த சட்டை. சரி, அப்படியானால் பிறந்த ஊரைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏன் இப்படிப் பிசைகிறது, இதை யாரிடம் கேட்பது, அண்ணனிடம் கேட்க முடியாது, அவனிடம்தான் முடியாது.

அப்பா திதிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தான், வீடு நிறைய சொந்தக்காரர்கள், பேப்பரில் அன்று இரண்டு நாட்டுக்காரர்களும் தண்ணீருக்காக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போடுகிற நேரம், அவன் தன் நாட்டுப் பெருமையைக் கொஞ்சம் அளந்தான்தான், இல்லையென்று சொல்லவில்லை, புதுப் பாலம், புது வீடு, சடக்கில் ஒரு துண்டுத் தாள் கிடக்காது என்று, அண்ணன் பல்லிடுக்கில் பாக்கைத் துழாவிக்கொண்டே சொன்னான், எல்லாஞ் சரிடா, எங்க தண்ணிய ஒரு திருகு திருகுனா, உங்க கொடியும் பாட்டும் நாக்கு வறண்டு செத்துப்போயிடும், தெரியும்ல. எல்லாரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பை அவன் காப்பிக்கடையில் கேட்டிருக்கிறான், ஆனால் அங்கே அவனும் சேர்ந்து சிரித்தான், இங்கே முடியவில்லை, கையில் இருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான், இனிமே இந்த வீட்டுப் பச்சைத்தண்ணி என் பல்லுல படாது என்றான், சும்மா இரு தம்பி, அவருக்கு வாய் நீளம் என்றாள் அண்ணி, அவன் கேட்கவில்லை, அன்றோடு அந்த வீட்டில் எங்க, உங்க என்ற இரண்டு சொற்கள் சட்டமாக உட்கார்ந்துகொண்டன, நம்ம என்ற சொல் எந்தப் பக்கம் போனதோ, யாரும் தேடவில்லை.

அதற்காகப் போக்குவரத்து நின்றதா, அதுவும் இல்லை, அண்ணன் தம்பி என்றால் அப்படி எளிதில் அறுந்துவிடுமா, தீபாவளிக்குப் போவார், பிள்ளைகள் கல்யாணத்துக்குப் போவார், பையில் போத்தலோடு போவார், சாப்பிடுவார், நன்றாகவே சாப்பிடுவார், விக்கல் எடுத்தால் பையைத் திறந்து தன் தண்ணீரைக் குடிப்பார், அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள், சோறு எதுல வெந்துச்சு தம்பி, மண்ணெண்ணெயிலயா, மூணு கரண்டி ரசம் வாங்கிக் குடிச்சீங்களே, அது எந்த நாட்டு ரசம், அவருக்கே சிரிப்பு வந்துவிடும், ஆனால் அண்ணன் சும்மா இருக்க மாட்டான், போத்தலைத் தட்டிக் காட்டுவான், இது எங்க தண்ணிடா, எங்க தண்ணிய எங்களுக்கே தூக்கிட்டு வர்ற ஒரே முட்டாள் நீதான்டா, இவர் சொல்வார், எடுத்தது உங்க ஆறு, சுத்தம் பண்ணது எங்க ஆளு, சுத்தம் பண்ணதுல கொஞ்சம் உங்களுக்கே திருப்பி அனுப்புறோம், உங்க வீட்டுக் குழாய்ல வர்றதே யாரு தண்ணின்னு முதல்ல விசாரி, அண்ணன் விட மாட்டான், இவர் விட மாட்டார், இருவர் தலையும் நரைத்தது, வழுக்கை விழுந்தது, ஒரு போத்தல் போய் இன்னொரு போத்தல் வந்தது, பச்சைத்தண்ணி மட்டும் பல்லில் படவில்லை.

வெயில் மண்டையைப் பிளக்கிறது, குழாய் பக்கத்திலேயே வருகிறது, அண்ணன் முன்னால் ஓடுகிறான், டேய் நாயகம், வாடா, அப்பா கேட்டைச் சாத்தப்போறாரு, ரயில் வருது என்று கூப்பிடுகிறான், ஓட முடியவில்லை அண்ணே, கால் வலிக்குது, தாகம், அம்மா போத்தலில் தண்ணீர் கொடுத்துவிட்டிருக்கிறாள், குடித்தான், மூச்சு விடாமல் குடித்தான், என்ன ருசி, தொண்டையில் இறங்குகிற சத்தம் காதுக்குள் கேட்டது, அண்ணனுக்குக் கொஞ்சம் வைக்க வேண்டுமே என்று தோன்றியது, தோன்றியதா, தெரியவில்லை, பிறகு எங்கோ ஒரு நிழல், நீண்ட வரிசை, வெளிநாட்டவர் என்று எழுதிய பலகை, கூண்டுக்குள் ஒரு மலாய்க்காரப் பெண் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டி, பக்சிக், பெரியவரே, இங்கேயா பிறந்தீங்க என்று தன் மொழியில் கேட்கிறாள், ஆமாம்மா, நான் பொறந்தப்ப அங்க, இங்கன்னு ரெண்டு இல்ல என்று அவரும் மலாயிலேயே சொல்கிறார், எங்கே போகிறீர்கள் என்கிறாள், வீட்டுக்கு, வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டது, அண்ணனுக்குத் தண்ணி கொடுக்கணும்மா என்றார், அவள் முத்திரையைக் குத்திவிட்டாள்.

தம்போயில் அண்ணன் வீட்டின் முன்னால் டாக்சி நின்றபோது அண்ணி வாசலிலேயே நின்றாள், கூந்தல் அவிழ்ந்திருந்தது, வந்துட்டீங்களா தம்பி, இருக்காரு, இன்னும் இருக்காரு, தண்ணி எங்க என்று கையை நீட்டினாள், பையிலிருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தார், வாங்கியதும் அவள் கை அப்படியே மேலே போனது, கனம் இல்லை, கவிழ்த்துப் பார்த்தாள், ஒரு சொட்டு விளிம்பில் நின்று யோசித்துவிட்டுத் தரையில் விழுந்தது. யாரு குடிச்சது என்று கேட்டார் தெய்வநாயகம், உண்மையாகவே கேட்டார், அவருக்குத் தெரியவில்லை, வழியில் ஒரு பையன் குடித்தான், அவன் யார் பிள்ளை, அண்ணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள், திட்டவில்லை, அவள் திட்டியிருந்தால் தேவலை, வெயில்ல நடந்து வந்த வாயி, குடிச்சிருக்கும், விடுங்க தம்பி, அவருக்குக் கொடுத்து வைக்கல என்று சொல்லி முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அப்போதுதான் அவருக்கு எல்லாம் தெளிந்தது, தெளியாமலே இருந்திருக்கலாம், ஈசூன் குழாய், விளிம்பு வரை பிடித்தது, மடியில் கட்டிக்கொண்டது, தொண்டையில் இறங்கிய சத்தம், அடப் பாவி, அண்ணன் கடைசியாகக் கேட்ட ஒரு வாய்த் தண்ணீரை முழுங்கிவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறாயே என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

உள்ளே அண்ணன் இருமினான், காய்ந்த இருமல். திரும்பிப் போய்க் கொண்டுவர நேரம் ஏது. போத்தலை அண்ணியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார், இத்தனை வருஷத்தில் அந்தக் குழாயின் பக்கத்தில்கூட அவர் போனதில்லை, பித்தளைக் குழாய், அடியில் அண்ணி ஒரு வாளி வைத்திருக்கிறாள், கையை வைத்தார், ஒரு திருகு, எங்க தண்ணிய ஒரு திருகு திருகுனா, எல்லாரும் சிரிக்கிறார்கள், காப்பிக்கடையில் சிரிக்கிறார்கள், திதி வீட்டில் சிரிக்கிறார்கள், மழையில் கொடி ஏறுகிறது, அண்ணாந்து நிற்கிற அந்தப் பட்டறைக்காரன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான், பார்க்கட்டும், சொல்லட்டும், திருகினார், தண்ணீர் சளசளவென்று வந்தது, எந்த ஆற்றிலிருந்து வந்ததோ, எந்தப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்ததோ, வந்தது, போத்தல் நிறைந்து கையெல்லாம் வழிந்தது, வாசற்படியில் நின்றிருந்த அண்ணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒரு கரண்டியைக் கழுவி அவர் கையில் கொடுத்தாள்.

அண்ணே, நாயகம் வந்துருக்கேன், தண்ணி கொண்டாந்துருக்கேன் என்று கட்டில் ஓரம் உட்கார்ந்தார், பொன்னுரங்கம் கண்ணைத் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது, வாய் நீளம் என்று பெயரெடுத்த வாய், இப்போது இரண்டு சொல்லுக்குமேல் நீளவில்லை, யாரு தண்ணிடா என்றான், அந்த நிலையிலும் விசாரணை, எங்க தண்ணிதாண்ணே என்று சொல்லத்தான் வாயெடுத்தார், அது பொய், உங்க தண்ணிண்ணே என்றால் துப்பிவிடுவான், அது உண்மையா என்பதும் தெரியவில்லை, நாக்கு எங்கோ தடுமாறி, எத்தனையோ வருஷமாக யாரும் தேடாத ஒரு சொல்லின்மேல் போய் இடித்துக்கொண்டது, நம்ம தண்ணிண்ணே என்றார். அண்ணன் வாயைத் திறந்தான், கரண்டியைச் சரித்தார், துப்பவில்லை, இன்னொரு கரண்டி, துப்பவில்லை, உதட்டின் ஓரம் லேசாகக் கோணியது, ஆயுசு முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தவன், தெரிந்துகொண்டு சிரிக்கிறானா, தெரியாமல் சிரிக்கிறானா, யார் கண்டது. போத்தலில் மிச்சம் இருந்தது, தெய்வநாயகம் அதை எடுத்து வாயில் வைத்துக் குடித்தார், பல்லில் பட்டது, நாக்கில் பட்டது, பாலத்தில் குடித்த அதே ருசி, ஒரு இம்மி மாறவில்லை, இதற்கா, இதற்கா இத்தனை வருஷம் என்று அழுதார், அழுதுகொண்டே அண்ணனின் மார்பில் காதை வைத்தார், காய்ச்சலில் நெஞ்சுக்கூடு சுட்டது, ஆனாலும் காதை எடுக்கவில்லை, உள்ளே ஏதோ ஓடுகிறது, கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது, நல்லா அழுத்திக் கேட்டான் நாயகம், போகுதாண்ணே, வருதாண்ணே என்று கேட்டான், அண்ணன் பதில் சொல்லவில்லை.