நானூற்றுப் பன்னிரண்டில் மூன்று பொய்

1

“பதினாலு தடவை” என்று அண்ணன் சொன்னபோது என் வாய் நிறையப் பற்பசை நுரை. அப்படியே விழுங்கிவிட்டேன்.

“என்னது பதினாலு தடவை?”

“மண்ணீரல். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை சுருங்குமாம். இது கூடத் தெரியாதா? நாளைக்கு நீயும்தானே எழுதப் போற?”

எனக்குத் தெரியும். உலகத்திலேயே முதலில் தெரிந்தது எனக்குத்தான், ஏனென்றால் அதைக் கண்டுபிடித்ததே நான். ஆராய்ச்சியெல்லாம் செய்யவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டே, வாய்க்கு வந்த ஒரு எண்ணைப் போட்டேன்.

இந்தக் கதை பிறந்த இடம் அந்தக் குளியலறை வாசல்தான். இப்போது மணி பன்னிரண்டே முக்கால். காலை பத்து மணிக்கு உயிரியல் தேர்வு. படிக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கை சும்மா இருந்தால் நகத்தைக் கடிக்க ஆரம்பித்து முழங்கை வரை போய்விடுவேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் உங்களிடம் சொல்லலாம்.

2

ஒழுங்கான ஆரம்பம் ஒன்று வேண்டும் என்று மூன்று முறை முயன்றேன்.

முதல் முயற்சி: “மாணவர்கள் தேர்வுக்குப் படிக்க உதவும் இலவசக் கருவிகள் இன்று இணையத்தில் ஏராளம்.” (கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது. இரண்டாவது வரியில் நடுவரே தூங்கிவிடுவார்.)

இரண்டாம் முயற்சி: “வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.” (கொட்டவில்லை. ஒரு கதையில் எத்தனை பொய்தான் போடுவது? ஏற்கெனவே மூன்று இருக்கிறது.)

மூன்றாம் முயற்சி: நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு இணையதளம் இருக்கிறது. காசு கேட்காது. அதில் கார்டு செய்யலாம்: ஒரு பக்கம் கேள்வி, திருப்பினால் பதில். திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஈஸி’, ‘கஷ்டம்’, ‘சுத்தமாகத் தெரியாது’ என்று மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். தெரியாதது நாளைக்கே திரும்பி வரும். தெரிந்தது ஒரு வாரம் கழித்து வரும். விடாது. கல்யாண வீட்டில் “என்னை ஞாபகம் இருக்கா?” என்று கேட்கும் பெரியப்பா மாதிரி, நீங்கள் ‘ஈஸி’ என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும்.

நான்கு மாதம் உட்கார்ந்து உயிரியலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு கார்டு செய்தேன். பாடப்புத்தகம், டீச்சரின் குறிப்புகள், அப்புறம் இலவச வீடியோ பாடங்கள்.* செய்து முடித்ததும் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். அந்தத் தளத்தில் அதுதான் வழக்கம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரதி செய்யலாம். ஒன்பது பேர் எடுத்தார்கள். அதில் இரண்டு பேர் நான்.

* முகமே காட்டாத ஒரு சார். வெள்ளைப் பலகையும் கிறீச்சிடும் பேனாவும் மட்டும் தெரியும். அவர் கையை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காட்டுவேன்.

என் வகுப்பில் பென்சில் என்று ஒருத்தி இருக்கிறாள். பென்சிலைக் கடித்தே கூர்மையாக்குவாள், அதனால் அந்தப் பெயர். அவள் என் கார்டுகளை மொத்தமாகப் பிரதி செய்து, மேல் அட்டையில் சூரிய அஸ்தமனம் போட்டு, தன் பெயரில் விட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் எடுத்தார்கள்! நட்சத்திரம் நான்கே முக்கால்! நான் ஏதாவது திருத்தினால் மறுநாளே அவளும் திருத்துவாள். ஒரு எழுத்துக்கூட மாறாது.

அதனால் ஒரு பொறி வைத்தேன். மூன்று கார்டை எடுத்து, உண்மையான பதிலை அழித்துவிட்டு, பொய்யை வைத்தேன். அவளுடையதிலும் அதே மூன்று பொய் வந்தால், டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று திட்டம். மறுநாள் காலையே மாட்டினாள். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். ஆனால் உடனே சொன்னால் சுவை இருக்காதே, நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். சமயம் பார்த்துப் பார்த்து மூன்று மாதம் போயே போய்விட்டது.

3

இப்போது அண்ணனைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும்.

அண்ணனுக்கு இருபது வயது, டயர் கடையில் வேலை, அவன் கையில் எப்போதும் ரப்பர் வாசனை, அந்தக் கையால் அவன் ஒவ்வொரு மதியமும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒற்றை விரலால் போனைத்

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். முடித்தால் அழுதுவிடுவேன். இது சிரிப்புக் கதையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.)

விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இதே தேர்வை அவன் இரண்டு முறை எழுதித் தோற்றிருக்கிறான். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது, உயிரியல் மட்டும்தான் பாக்கி. நாளை மூன்றாவது முறை. கடையில் சக்கரத்தை நேராக்கும் பெரிய மெஷின் ஒன்று வந்திருக்கிறது. அதற்கான பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள். பள்ளிச் சான்றிதழ் இருந்தால்தான் சேர்ப்பார்கள். “இந்தத் தடவை பாஸ் பண்ணு, உன்னை அனுப்புறேன். இல்லேன்னா புதுசா வந்தவனை அனுப்பிடுவேன்” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

போன முறை இரண்டே மதிப்பெண்ணில் போச்சு. ஏன் தெரியுமா? சரியாக எழுதிய மூன்று பதிலைக் கடைசி ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டு, தப்பாக எழுதிவிட்டு வந்தான். சந்தேகம் வந்துவிட்டதாம். அவனுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிகிறது என்று அவன் நம்புவதுதான் கஷ்டம்.

அந்த அண்ணன், இந்த முறை, நானூற்றுப் பன்னிரண்டுக்கும் ‘ஈஸி’ அழுத்தியிருக்கிறான்.

“யாரோடதைப் படிச்ச?” என்று நுரையை விழுங்கிய கையோடு கேட்டேன்.

“சூரியன் படம் போட்டது. உன்னோடதையும் பாத்தேன், வாலு. அட்டை சிமெண்ட் மூட்டை மாதிரி இருந்துச்சு. யாரு தொடுவா?”

4

பென்சிலை வில்லியாகத்தான் எழுத நினைத்திருந்தேன். பாதியில் அந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காரணம், ஒன்பதரை மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன்.

“என்னடி, எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி?”

“நீ என் கார்டை எல்லாம் காப்பி அடிச்சியே.”

“அடிச்சேன். அதுக்கு இப்பவா சண்டை? நாளைக்கு எக்ஸாம் முடியட்டும், நிதானமா வச்சுக்கலாம்.”

“அதுல மூணு பொய். உன்னை மாட்டிவிட நான்தான் போட்டேன்.”

“எதெது?”

“மண்ணீரல்.”

“ஐயோ! பதினாலு தடவை சுருங்காதா?”

“சுருங்கினாலும் நான் எண்ணிப் பாக்கலை.”

“அடிப்பாவி! அதுக்கு நான் பாட்டே கட்டி வச்சிருக்கேன்டி!” பாடியும் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. “சரி, ரெண்டாவது?”

“வௌவால். செரிமானம் தலைகீழா நடக்கிறதால தலைகீழா தொங்குதுன்னு போட்டேன்.”

“அதை எங்கம்மாகிட்டயே சொல்லி அசத்தினேனே! ஏய், சிரிக்காதே. மூணாவது என்ன?”

இங்கேதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

மூன்றாவது எனக்கு ஞாபகம் இல்லை.

அதுதான் மூன்றிலும் சிறந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முதல் இரண்டும் கொஞ்சம் விளையாட்டுத்தனமாக இருந்ததால், மூன்றாவதை உண்மையை விட உண்மையாகச் செய்தேன். செய்துவிட்டு, மூன்று மாதமாக அதே கார்டுகளில் நானும் படித்திருக்கிறேன். அந்தத் தளம் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. திரும்பத் திரும்பக் காட்டி, என் பொய்யை எனக்கே மனப்பாடம் செய்து கொடுத்துவிட்டது. நான் அதற்கும் ‘ஈஸி’ அழுத்தியிருக்கிறேன்.

பென்சில் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், “முதல் இருநூத்தி ஆறு எனக்கு, மீதி உனக்கு. புத்தகத்தை எடுடி” என்றாள்.

இரண்டரை மணி நேரம், இரண்டு வீட்டில், ஒரே போனில். நீங்கள் கேட்டிருக்க வேண்டும். “கணையம்?” “சரி.” “இலைத்துளை?” “சரி.” “உன் மூளை?” “தேடிட்டு இருக்கேன்.” புத்தகத்தில் இருப்பதை எல்லாம் ஒத்துப்பார்த்துக் கழித்தோம். வீடியோவிலிருந்தும் டீச்சர் குறிப்பிலிருந்தும் வந்தவற்றை இணையத்தில் தேடித் தேடிக் கழித்தோம். கடைசியில் பத்தொன்பது கார்டு மிஞ்சியது. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அதே சூரிய அஸ்தமனம்தான். எங்கள் பொய்க்கு நாங்களே சாட்சி!

பென்சில் தன் பக்கத்தில் அந்த இரண்டையும் திருத்தி, மேலே பெரிதாக மன்னிப்பும் எச்சரிக்கையும் எழுதினாள். புதிதாக வருகிறவர்கள் பார்ப்பார்கள். ஏற்கெனவே போனில் இறக்கி வைத்துக்கொண்டவர்களுக்கு அது போகாது. அண்ணன் போன மாதமே இறக்கிவிட்டான்.

5

முடிவுகள். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது கார்டையும் காட்டி, “இதுல ஒண்ணு பொய், எதுன்னு தெரியாது” என்கிறேன். அண்ணன் தலையில் குட்டுகிறான். சிரிக்கிறான். நாளை தேர்வறையில், நன்றாகத் தெரிந்த பதில் முன்னால், பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு

(இதுவும் வேண்டாம்.)

ஆ) எதுவும் சொல்வதில்லை. நானூற்றுப் பன்னிரண்டில் அந்த மூன்றும்தான் நாளை கேட்கப்படுமா என்ன? கேட்க மாட்டார்கள். அண்ணன் தேறுகிறான், மெஷின் ஓட்டுகிறான், நான் எழுபது வயதுவரை இதை யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு வௌவாலைப் பார்க்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்கிறேன்.

இ) கேட்கிறார்கள். இரண்டு மதிப்பெண்.

ஈ) கேள்வித்தாள் தயாரித்தவரும் சூரிய அஸ்தமனத்தை வைத்துத்தான் தயாரித்திருக்கிறார். மண்ணீரல் பதினான்கு தடவை சுருங்குவதுதான் சரியான விடை. வகுப்பே பாட்டுப் பாடிக்கொண்டு எழுதுகிறது. (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. இதை எழுதும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது.)

6

நான் நான்கையும் எடுக்கவில்லை. ஐந்தாவதாக ஒரு கோழைத்தனம் செய்தேன். இதை எழுத உட்காருவதற்குக் கால் மணி நேரம் முன்னால்.

“பழியை என் மேலயே போட்டுடுடி” என்று பென்சில் அனுமதி கொடுத்திருந்தாள். அண்ணன் அறைக்குப் போனேன். நாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“டேய் அண்ணா, அந்தச் சூரியன் போட்டது என் ஃபிரெண்டோடது. அதுல ரெண்டு கார்டு தப்பாம். இப்பதான் சொன்னா. மண்ணீரலும் வௌவாலும்.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். போனை எடுத்து, அந்த இரண்டையும் ஒற்றை விரலால் தேடிப் பிடித்து, அழித்தான். பதறவே இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஓடிவிடலாம் என்று திரும்பினேன்.

“ஏய் வாலு.”

“ம்?”

“அவ சொல்றது இருக்கட்டும். நீதான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு. நீ சொல்லு, நான் அப்படியே நம்பிட்டுப் போய்த் தூங்குறேன்.” அவன் முகத்தில் சந்தேகம் துளிகூட இல்லை. போன இரண்டு தேர்வுக்கும் முந்தின இரவு நான் பார்த்த முகம் இல்லை இது.

பல் துலக்கவில்லை என்று ஏதோ உளறிவிட்டு என் அறைக்கு ஓடிவந்துவிட்டேன். அவன் இன்னும் தூங்கவில்லை. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. அவன் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்கள்:

“மீதி நானூத்திப் பத்தும் சரிதானே?”