முகவரி கேட்ட மின்னஞ்சல்

சில்கே எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகியும் அவள் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் எழுதவில்லை. ஜெர்மனியின் கஸ்ஸல் நகரில் அதற்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் அவளுக்குக் கீழ் வீடு. அவள் குட்டைக்கால் நாய்களுக்குக் குளிர்ச்சட்டை தைத்து, சொந்த வலைத்தளத்தில் விற்றுப் பிழைத்தாள். கணவன் ஹோல்கரின் அடி தாங்காமல் பிரெமென் நகரிலிருந்து தப்பி வந்தவள் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கைபேசியும் கையுமாக இறங்கி வந்தாள். யாரோ ஒரு வக்கீல் பெயரில் மின்னஞ்சல் வந்திருந்தது. தளத்தில் உரிமையாளரின் முகவரி இல்லையாம், சட்டமீறலாம். ஏழு நாளுக்குள் வீட்டு முகவரியைத் தளத்தில் போட்டு, தனக்கும் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

"கெர்லிண்ட், நீ யார்கிட்டயாவது என்னப் பத்திச் சொன்னியா?"

"நானா? என்னடி கேக்குற!"

"போன வாரம் நீதானே சொன்ன, தளத்துல முகவரி போடணும்னு சட்டம் இருக்குன்னு?"

சொன்னது உண்மைதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. அடிபட்டவளுக்கு நிழலைக் கண்டாலும் பயம்தானே என்று மூன்றாம் நாள் நானே படியேறினேன்.

"போடலேன்னா வக்கீல் வருவான், போட்டா ஹோல்கர் வருவான்," என்றாள். "நெட்டுல தேடிட்டேன். ஒருத்தன் தபால் பெட்டி எண் போதும்ங்கறான், இன்னொருத்தன் போதாதுங்கறான். யாரத்தான் நம்புறது?"

"ரெண்டு பேரையும் நம்பாத. கோர்ட்டுக்குக் கிளம்பு."

வருமானம் குறைந்தவர்கள் வக்கீலிடம் ஆலோசனை கேட்க அங்கே சட்ட உதவிச் சீட்டு தருவார்கள். எழுத்தர் முகவரி கேட்டதும், சில்கே பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். வாயால் சொல்லாமல் தாளில் எழுதி நீட்டினாள்.

சீட்டோடு வக்கீல் ரொஸ்விதாவிடம் போனோம். அவர் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார். வக்கீல்களின் பதிவேட்டில் தேடி, அந்தப் பெயருக்குரியவரைத் தொலைபேசியில் கேட்டார்.

"அவர் இப்படி எதுவும் அனுப்பலையாம். யாரோ அவர் பேர வச்சு எழுதியிருக்காங்க."

"ஹோல்கர்தான்!"

"இருக்கலாம்மா. இப்போதைக்கு நிரூபிக்க முடியாது. கடிதம் பொய், ஆனா சட்டம் நிஜம். முகவரி போட்டுத்தான் ஆகணும். அது உங்க வீடாத்தான் இருக்கணும்னு இல்ல. உங்களுக்கு வர்ற கோர்ட் காகிதத்த வாங்கிக்கறதா ஒத்துக்கிட்ட இடமா இருந்தா போதும். என் ஆபீஸ் விலாசத்தப் போடுங்க."

சில்கே அவரையும் ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீங்க எதுக்கு இவ்வளவு செய்யறீங்க?"

"என் தொழிலே அதுதானே," என்று சிரித்தார் ரொஸ்விதா.

திங்களன்று விலாசம் தளத்தில் ஏறியது. வியாழன் மதியம் ரொஸ்விதாவின் அலுவலகத்துக்கு ஒருவன் வந்தான். நாய்க்குச் சட்டை அளவு எடுக்க வேண்டும், தைக்கிற பெண் எந்த மாடி என்று கேட்டான். கூட நாய் இல்லை. பெயர் கேட்டதும் நழுவினான். உதவியாளர் ஜன்னல் வழியே கார் எண்ணைக் குறித்துக்கொண்டார். பிரெமெனில் பதிவான வண்டி. சில்கேயிடமிருந்த ஹோல்கரின் புகைப்படத்தைக் காட்டியதும், "இவரேதான்" என்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஹோல்கர் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. அவள் வீட்டு முகவரியை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று நகராட்சியின் குடியிருப்போர் பதிவிலும் பூட்டுப் போட்டார்கள்.

பதிவில் பூட்டு விழுந்த அன்று மாலை சில்கே என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"உன்னப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

"பட்டதே நல்லது. சந்தேகப்படாம இருந்திருந்தா அன்னிக்கே முகவரிய அனுப்பி வச்சிருப்ப."

அவள் அழுதாள். நான் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன். இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.