இரண்டு பேருக்கான சட்டி

ஃபிரிட்ஜுக்குள் ஏதோ தெறிக்கும் சத்தம் கேட்டு மகள்தான் எழுந்து போய்ப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்ததும் புளித்த வாடை கூடம் வரைக்கும் வந்தது. கீழ்த்தட்டில் வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள்; எல்லாவற்றிலும் ஒரே சரக்கு, மிளகாய் விழுதில் ஊறிய முள்ளங்கித் துண்டுகள். ஒரு டப்பாவின் மூடி கழன்று பால் பாக்கெட்டின் மேல் கிடந்தது. மற்ற மூடிகளும் உப்பிக்கொண்டு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தன.

"என்னப்பா இது?"

"கிம்ச்சி."

"அது தெரியுது. பதினொரு டப்பா இருக்கு. யாருக்கு இவ்வளவு?"

அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாகச் சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறவர். தான் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்ததில்லை.

"உங்கம்மாவுக்குத்தான்" என்றார்.

அம்மா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் தையல்காரி. நாள் முழுக்க அடுத்தவர்களின் பேன்ட்டுக்கு நீளம் குறைத்துவிட்டு வந்து, இரவில் கொரியன் சீரியல் பார்ப்பாள். பார்ப்பது என்றால் சும்மா இல்லை; அரண்மனையில் ராஜா சாப்பிட உட்கார்ந்தால் இவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அந்தச் சாப்பாட்டை ஒருநாளாவது சாப்பிட வேண்டும் என்று ஆரம்பித்தது, பிறகு பைத்தியமாகவே ஆகிவிட்டது. கண்ணாடி போட்ட பெரிய ஓட்டல்களின் வாசலில் நின்று விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிப்பாள். "இந்த விலைக்குக் கொரியாவுக்கே போயிட்டு வந்துடலாம், வாங்க" என்று திரும்பிவிடுவாள். மலிவாக எங்கே கிடைக்கும் என்று ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அதில் அவருடைய தொழில் கைகொடுத்தது. எந்தக் கட்டடத்தின் எத்தனையாவது மாடியில் யார் சமைக்கிறார்கள் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிவதுபோல வேறு யாருக்குத் தெரியும்? லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் வருவது வாசனைதானே.

அப்படிக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளக் கடை. படியிறங்கிப் போனால் ஆறு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு கொரியக் கடைக்காரம்மா. புதன்கிழமை மனைவிக்குத் துணிக்கடையில் வார விடுமுறை. அவருக்கோ அந்தக் கட்டடத்தில் சர்வீஸ். மதியம் ஒரு மணிக்குக் கீழே சந்தித்துக்கொள்வார்கள். டோஃபுவும் காளானும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வரும் சட்டிதான் அங்கே விசேஷம். இரண்டு பேராக வந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். ஒற்றை ஆளுக்கு அடுப்பில் ஏற்ற மாட்டாள் அந்தம்மா. சுற்றி வைக்கிற சின்னக் கிண்ணங்கள் தீரத் தீரக் கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. என் பெண்டாட்டி முள்ளங்கியை மட்டும் நான்கு தடவை கேட்பாள் என்று அவர் சக மெக்கானிக்குகளிடம் பெருமையாகவே சொல்வார். அதுவும் எப்படிக் கேட்பாள்? சீரியலில் கற்ற கொரிய மொழியில். அவள் பார்த்ததெல்லாம் ராஜா கதை. அதனால் முள்ளங்கி வேண்டும் என்பதையும் மகாராணி சேடிக்குக் கட்டளையிடுகிற தோரணையில்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. முதல் நாள் கடைக்காரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு புதனும் இடுப்பு வளைய வணங்கி, இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டுவாள்.

நான்கு நாள் காய்ச்சல். அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

அவர் மறுபடி அந்தக் கட்டடத்துக்கு சர்வீஸுக்குப் போனது ஐந்து வாரம் கழித்து. போகக்கூடாது என்றுதான் நினைத்தார். ஒரு மணிக்குக் கால்கள் தாமாகப் படியிறங்கின. அடுப்படியிலிருந்து கடைக்காரம்மா வழக்கம்போல இரண்டு விரலைக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டார். சட்டி வந்தது, மூடிபோட்ட இரண்டு சோற்றுக் கிண்ணம் வந்தது. "மேடம் எங்கே?" என்று அவள் கேட்டபோது, அவர் வாயிலிருந்து பழைய பதில்தான் வந்தது.

"வந்துட்டிருக்கா."

சொன்ன மாத்திரத்தில் நெஞ்சில் ஏதோ இளகியது. ஐந்து வாரமாக ஆளாளுக்கு வந்து, போய்ச் சேர்ந்துட்டாங்களே என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், இந்த ஒரு மேசையில் மட்டும் அவளுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்தார். அது அவளாக இருக்காது என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பதற்கு அங்கேதான் அவருக்கு அனுமதி இருந்தது. கடைசியில் இரண்டு பங்கையும் அவரே சாப்பிட்டார். பெண்டாட்டி போன துக்கத்தில் ஆள் பாதியாகிவிடுவார் என்று எதிர்பார்த்திருந்த சொந்தக்காரர்கள், அவருக்குத் தொப்பை விழுவதைப் பார்த்துக் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கடைக்காரம்மாவோ தன் கணக்கில் ஒன்றைத் தீர்மானித்துவிட்டாள். மகாராணி கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். தப்பு இந்த ஆள்மேல்தான். "சண்டையா? நீங்க மன்னிப்பு கேளுங்க" என்று தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் திட்டி, சமாதானத்துக்கென்று முள்ளங்கியை டப்பாவில் போட்டுக் கையில் திணித்தாள். ஒவ்வொரு வாரமும் திணித்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பெண்டாட்டிக்கென்று கொடுத்ததைத் தான் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை. கொட்டவும் கை வரவில்லை.

இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். மகள் கழன்ற மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தம்மா பாவம் இல்லையாப்பா? வாராவாரம் செத்துப்போனவங்களுக்குக் கட்டிக் கொடுத்துட்டிருக்காங்க."

"ம்."

"சொல்லிடுங்க. இந்தப் புதன்கிழமையே. நான் அரை நாள் லீவு போட்டுட்டுக் கூட வரேன்."

"அடுத்த வாரம் சொல்றேனே."

"அடுத்த வாரமும் இதையேதான் சொல்வீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மருத்துவமனையில், மயானத்தில், வங்கியில். அழுததை அவர் பார்த்ததில்லை. அவர் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். அந்தம்மாவிடம் சொல்லிவிட்டால், பெண்டாட்டி இன்னும் சாகாமல் இருக்கிற ஒரே இடத்திலும் செத்துப்போவாள். அதற்குப் பிறகு புதன்கிழமை ஒரு மணிக்கு அவர் எந்தப் படியைப் பார்த்து உட்கார்ந்திருப்பது?

புதன்கிழமை மகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். படியிறங்கும்போது, "நானே சொல்றேன், நீங்க பேச வேணாம்" என்றாள். அவர் தண்டனைக்குப் போகிற பள்ளிப் பிள்ளைபோலப் பின்னால் போனார். வழக்கமான மேசை காலியாக இருந்தது. மதிய நெரிசலிலும் அந்தம்மா அதை யாருக்கும் கொடுப்பதில்லை. மகள் எதிரில் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். சுவரில் பழைய நாள்காட்டி, மின்விசிறி, அடுப்படியின் ஆவி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அம்மா இதைப் பற்றியெல்லாம் பேசும்போது அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒருநாள் நீயும் வாயேன் என்று கூப்பிட்டபோதெல்லாம் அவளுக்கு வேலை இருந்தது.

கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். முகத்தைக் குனிந்து பார்த்தாள். நெற்றி, மூக்கு, மோவாய்.

"மகளா? அம்மா மாதிரியே" என்றாள். பிறகு மகளுக்குப் பின்னால் இருந்த படியை எட்டிப் பார்த்தாள். "அம்மா எங்கே? இன்னும் கோபமா?"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆபீஸில் பேசுகிற முகத்தை வரவழைத்துக்கொண்டாள். அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா..." என்றாள் அவள். அதற்கு மேல் வரவில்லை. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சின்ன வயதில் பள்ளி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அப்படித்தான் கோணும். கடைக்காரம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

"அம்மா வந்துட்டிருக்காங்க" என்றாள் மகள்.

அந்தம்மா சந்தோஷமாக மூன்று விரலைக் காட்டியபடி உள்ளே ஓடினாள். இல்லை, சொல்லாதே, அது நல்லதில்லை கண்ணு என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். இத்தனை வாரமும் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எதிரில் தெரிந்தது. அதற்குள் சட்டி வந்தது. சோற்றுக் கிண்ணங்கள் மூன்று வந்தன. மேலே யாரோ படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

மகள் திரும்பிப் படியைப் பார்த்தாள். பார்த்தபடியே, பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.