ஆகவே யானை

பரிஸ் லா சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் இராஜதுரை, மகள் தாட்சாயினி கலாநிதிப் பட்டம் எடுத்த அன்று கடைக்கு வந்த சனத்துக்கெல்லாம் லட்டுக் கொடுத்து, மகள் டொக்டராகிவிட்டாள் என்றார். அடுத்த கிழமையே சனம் பிரஷர் றிப்போட்டும் முழங்கால் எக்ஸ்ரேயுமாகக் கடையில் அவளுக்குக் காவல் நின்றது.

அவள் படித்ததோ மிருக எலும்பு. தாஸ்மேனியப் பேய் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த, வயிற்றில் பையுள்ள இறைச்சிதின்னி. அந்தப் பேரினத்தில் பெரியது எப்போதோ அழிந்து, எலும்புதான் மிச்சம். சின்னது இருக்கிறது, ஒன்றையொன்று கடிக்க, கடியால் தொற்றும் முகப்புற்றுநோயில் அதுவும் செத்துக்கொண்டிருக்கிறது. இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் சொல்லத் தொடங்க, இராஜதுரை இடையில் புகுந்து, கடைக்கு வரும் யோகராணியக்காவின் முட்டுவலிக்கு என்ன குளிசை நல்லது என்று கேட்டுவிட்டார். அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு எழும்பினாள். பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை.

2014 மாரியில், சைக்கிளில் போனவளை லொறி அடித்தது. அந்த மிருகத்தின் மிச்சக் கதையை, செத்தவீட்டுக்கு வந்த அவள் சிநேகிதி ஷார்லோத்திடம்தான் இராஜதுரை கேட்டறிந்தார். அதன் படமொன்றும் அவள் கொடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, செத்தவரைப் பாடிச் சனத்துக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை எழுதச் சங்கத் தலைவர் சிவமணி தானாகவே வந்தார். செத்தவர்களைச் சூரியனாக்கி மறைய வைப்பதில் பரிஸில் அவரை அடிக்க ஆளில்லை. "வைத்திய வானின் விடிவெள்ளி" என்று தொடங்கியிருந்தார். பிள்ளை படித்த மிருகத்தைப் போடுங்கோ என்றார் இராஜதுரை. செத்தவீட்டுப் புத்தகத்தில் பேயா என்று தலைவர் அரண்டார். வேண்டுமானால் சிங்கம் என்று போடலாம். ஆனால் சிங்கம் என்றால் சனம் கோபிக்கும், புலி என்றால் பொலிஸ் வரும். ஆகவே யானை.

"யானை இறைச்சி தின்னுமோ?" என்றார் இராஜதுரை.

"ஆர் பாக்கப்போகினம், அண்ணை? டொக்டர் எண்டு ஊரெல்லாம் சொன்னதும் நீங்கள்தானே."

"ஓம். அதாலைதான் பிள்ளை கடைக்கு வாறேல்லை."

தலைவர் பேனாவை மூடினார்.

புத்தகம் விடிவெள்ளி இல்லாமல், மிருகத்தின் படத்தோடு வந்தது. அந்தியேட்டிச் சாப்பாட்டில் சனம் அதைப் பிரித்துப் பார்த்து, நல்ல நாய் என்றது.

ஷார்லோத் கொடுத்த படம் இப்போது கடையில், காசுப்பெட்டிக்கு மேலே. கேட்பவர்களுக்கு இராஜதுரை பொறுமையாக விளங்கப்படுத்துவார்: பெரிசு, சின்னது, பை, பல், கடி, நோய். மற்றப் பெரிசு எங்கையண்ணை என்று யாராவது கேட்டால் மட்டும், அது இப்ப இல்லை என்று சொல்லி, முருங்கைக்காயைத் தராசில் வைப்பார்.