மூத்தவன் கை

அண்ணனின் முதல் பூசையை ஊர்க் கோயிலிலேயே வைத்துக்கொள்ள மேலத்தெரு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது. பிரசங்கத்தில் சாதி வரக்கூடாது.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மாதா கோயிலைச் சிலுவை வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். நடுவில் மேலத்தெருக்காரர்கள் உட்காருவார்கள். காலனிக்காரர்களான எங்களுக்கு இடது பக்கச் சிறகு. அங்கிருந்து பார்த்தால் பீடத்தில் பாதியைத் தூண் மறைத்துவிடும். சாமியாரின் ஒரு கை உயர்வதைப் பார்த்து, இன்னொன்றும் உயர்ந்திருக்கும் என்று நான் நம்பிக்கொள்வேன். தூணுக்குப் பின்னால் வேறொரு சாமியார் நின்று வேறொரு பூசை வைப்பதாகக்கூட நினைத்ததுண்டு.

அண்ணன் நெடுஞ்செழியன் குருப்பட்டம் வாங்கியது 2009-ல். காலனியிலிருந்து சாமியாரான முதல் ஆள் அவன்தான். முதல் பூசையைப் பற்றிப் பேசப் பங்குச் சாமியார் அறையில் கூடியபோது, நாற்காலி காலியாக இருந்தும் அப்பா சவுரிராயன் நின்றுகொண்டே இருந்தாராம். பங்குப் பேரவைத் தலைவர் மாசிலாமணி, காலனியில் பந்தல் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்றார். அதற்குச் சட்டமில்லை என்று பங்குச் சாமியார் தரையைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் மாசிலாமணி அண்ணன் பக்கம் திரும்பினார்.

“கூலி, சாதி, போராட்டம், ஒண்ணும் வாயில வரக்கூடாது. இங்கிலீஷ்ல படிச்சவன்தான நீ? ப்ரீஸ்ட்டுன்னா இன்னா, அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சி, அத்த சொல்லிட்டு எறங்கு. யாருக்கும் பேஜாரு இல்ல.”

அண்ணன் சரி என்றான். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அம்மாவுக்குப் பிரசங்கத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் மனம் முழுக்கக் கை முத்தியில் இருந்தது. புதிதாகப் பட்டம் பெற்ற சாமியாரின் உள்ளங்கையில் எண்ணெய் பூசியிருப்பார்கள். முதல் பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து குனிந்து அந்தக் கையை முத்தமிட வேண்டும். அதைத்தான் முத்தி செய்வது என்போம். மாசிலாமணியின் மனைவி காந்திமதி அதை ஒருமுறையும் தவறவிட்டதில்லை. எந்த ஊரில் புதுச் சாமியார் என்றாலும் கார் எடுத்துக்கொண்டு போய் முத்தி செய்துவிட்டு வருவாள். காந்திமதியின் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களையெடுத்துத்தான் அம்மா எங்களை வளர்த்தாள். வரப்பில் நிற்கிற காந்திமதியைக் குனிந்த முதுகோடுதான் அம்மா பார்த்திருக்கிறாள்.

“அவ குனியறத ஒருதரம் பாக்கணும்டி மலரு. அது போதும் எனக்கு,” என்றாள்.

பூசையன்று கோயில் நிறைந்திருந்தது. காந்திமதி பட்டுப்புடவையில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் தூணைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் பிரசங்க மேடையில் ஏறி, வாக்குக் கொடுத்தபடி அந்தச் சொல்லைப் பற்றியே பேசினான்.

கிரேக்கத்தில் அது பிரெஸ்புத்தெரோஸ் என்று பிறந்தது. மூத்தவர் என்பது அதன் பொருள். பலி கொடுக்கும் பூசாரிக்கு அங்கே வேறு சொல் இருந்தது. ஆதித் திருச்சபை அந்தப் பூசாரிச் சொல்லைத் தனி ஆள் யாருக்கும் தராமல் மொத்த ஜனத்துக்கும் கொடுத்தது, சபையை நடத்துகிறவரை மூத்தவர் என்று மட்டும் அழைத்தது. அந்தச் சொல் லத்தீனுக்குப் போய், கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், போகிற இடமெல்லாம் ஓர் அசையை உதிர்த்துவிட்டு, ப்ரீஸ்ட் என்று குறுகி நின்றது. பீடமும் பலியும் பிற்பாடு அதன்மேல் வந்து ஏறிக்கொண்டன.

நீண்ட பயணத்தில் சட்டையெல்லாம் கிழிந்து, சொந்த ஊர் மறந்துபோன மனிதனாக அந்தச் சொல் எனக்குத் தெரிந்தது. நடுவில் சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி திருப்தியாகத் தலையாட்டினார்.

“மூத்தவர் என்றால் வயதில் மூத்தவர் இல்லை, வீட்டில் பெரியவரும் இல்லை,” என்றான் அண்ணன். “ரோமாபுரியில் ஒருவர் அடிமையாக இருந்தார். பிற்பாடு அந்த ஊர்ச் சபைக்கே தலைவரானார். அவருடைய பழைய எஜமானும் கிறிஸ்தவர், அதே ஊர்க்காரர். எஜமான் அவர் முன்னால் வந்து குனிந்தாரா என்று எந்த ஏட்டிலும் இல்லை. இன்றைக்கு இந்தக் கோயிலில் நாம் அதைத் தெரிந்துகொள்வோம்.”

தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

மாசிலாமணி எழுந்தார். “எங்கள கூப்ட்டு ஒக்கார வெச்சி எஜமான் கத சொல்றியா? ஒங்கம்மா கூலியில படிச்சியே, அது யாரு குடுத்த கூலி?” என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தார். நடுப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பங்குச் சாமியார் தன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டார். காந்திமதி எழுந்தவள் ஒரு கணம் பீடத்தைப் பார்த்தாள், பிறகு அவளும் போனாள்.

மீதிப் பூசையை அண்ணன் காலிப் பெஞ்சுகளுக்கு வைத்தான். எங்களை நடுவில் வந்து உட்காரச் சொன்னான். யாரும் நகரவில்லை.

பூசை முடிந்து கை முத்திக்கு அம்மாதான் முதல் ஆளாகப் போய் நின்றாள். அண்ணன் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினான். அவள் குனியவில்லை. முந்தின நாளிலிருந்து அவனைச் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், எல்லோரும் பார்க்க அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்.

“வாய மூடிக்கினு இருந்திருந்தா அவ குனிஞ்சிருப்பாடா. யாரு ஒன்ன கேட்டது?”

“அர்த்தம் தெரியாம குனிஞ்சா அதுல இன்னாம்மா இருக்குது?”

“அர்த்தம் ஒனக்கு. எனக்கு அவ முதுகு.”

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பூசை உடுப்போடு அவனை இழுத்துக்கொண்டு நடுப் பாதை வழியாகவே வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். அந்தப் பாதையில் அவள் நடந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

வாசலில் மாசிலாமணியின் கார் கதவு திறந்திருந்தது, காந்திமதி பக்கத்தில் நின்றிருந்தாள். மேலத்தெரு ஆட்கள் இன்னும் கலையாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், எங்களைக் கண்டதும் அடங்கினார்கள். அம்மா அண்ணனின் உள்ளங்கையை விரித்து காந்திமதி முன்னால் நீட்டினாள்.

“இந்தாங்கம்மா. நேத்து பூசுன எண்ணெ. இதுக்கோசரந்தான வந்தீங்க.”

காந்திமதி அந்தக் கையையே பார்த்தாள். அவள் கழுத்து லேசாக முன்னால் வந்ததை நான் பார்த்தேன். காருக்குள்ளிருந்து மாசிலாமணி, “வர்றியா இல்லியா?” என்றார். கழுத்து பின்வாங்கிக்கொண்டது.

“இனிமே என் கொல்லையில ஒனக்கு வேல இல்ல ஜெயம்,” என்றாள் காந்திமதி.

“அது தெரியும்மா. நான் வேல கேக்கல.”

அவள் ஏறிக் கார் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கார் நகர்ந்தபோது கூட்டத்திலிருந்து யாரோ எங்கள் பக்கம் காறித் துப்பினார்கள். அது அண்ணனின் வெள்ளை உடுப்பில் பட்டது. அவன் கையைக் கீழே இறக்கப் பார்த்தான். அம்மா விடவில்லை. கார் திருப்பம் தாண்டி, புழுதியும் அடங்கும் வரைக்கும் அந்தக் கையை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.